எரித்தால் பிழைக்கும் செடி: ஆல்பனி மணற்காட்டில் காட்டு லூபின்

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் தலைநகர் ஆல்பனி. அதற்கும் பக்கத்து நகரமான ஸ்கெனெக்டடிக்கும் நடுவே பைன் புஷ் என்றொரு மணற்காடு இருக்கிறது. ஒரு காலத்தில் சுமார் 25,000 ஏக்கர் பரந்து கிடந்தது என்கிறார்கள். இப்போது காப்பகமாக மிஞ்சியிருப்பது 3,300 ஏக்கர் சொச்சம். மே மாதக் கடைசியில் அங்கே மணல்மேட்டுச் சரிவுகளில் ஊதாவும் நீலமும் கலந்து கதிர் கதிராகப் பூத்து நிற்பது காட்டு லூபின். தாவரவியலில் லூப்பினஸ் பெரென்னிஸ். லின்னேயஸ் 1753-இல் பெயர் வைத்த செடி.

மீதி இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் எங்கே போனது என்பதில் புதிர் இல்லை. நெடுஞ்சாலை, வீட்டுமனை, அலுவலகங்கள், குப்பைமேடு, பெரிய வணிக வளாகம் எல்லாம் அதன்மேல்தான் எழுந்தன. புதிர் வேறு இடத்தில் இருக்கிறது. யாரும் கை வைக்காமல் காடாகவே விட்ட இடங்களிலும் லூபின் குறைந்துகொண்டே வந்தது. அது ஏன், பிறகு அதை எப்படித் திருப்பிக் கொண்டுவந்தார்கள் என்பதுதான் இந்த ஆய்வு.

செடியின் குணம்

லூபின் அவரைக் குடும்பத்துச் செடி. ஒன்றிலிருந்து இரண்டடி உயரம் வளரும். காம்பின் நுனியில் ஒரே புள்ளியிலிருந்து ஏழு முதல் பதினொரு சிற்றிலைகள் விரிந்த விரல்கள் மாதிரி வட்டமாகப் பரந்திருக்கும். மழை விட்டதும் போய்ப் பார்த்தால், அந்த நடுப்புள்ளியில் ஒரு துளி நீர் உருண்டு நிற்கும். பூவின் அமைப்பு அவரைப்பூ, துவரம்பூ பார்த்தவர்களுக்குப் புதிதல்ல. கீழே படகு மாதிரி மூடிய இரண்டு இதழ்கள், அதற்குள் மகரந்தம். பம்பிள் தேனீ மேலே உட்கார்ந்ததும் அதன் பாரத்தில் படகு கீழிறங்கும்; நுனியிலுள்ள சிறு துளை வழியாக மகரந்தம் பிதுங்கி வந்து வயிற்றில் ஒட்டிக்கொள்ளும். தேனீக்கள் இந்தப் பூவைத் தேடி வருவது முக்கியமாக மகரந்தத்துக்காகவே.

ஜூன் கடைசியிலிருந்து காய் முற்றும். ரோமம் படர்ந்த தட்டையான காய். நன்றாகக் காய்ந்ததும், வெயிலில் உளுந்து நெற்று வெடிப்பதுபோல ‘டக்’ என்று முறுக்கிக்கொண்டு வெடித்து விதைகளைச் சில அடி தூரத்துக்கு எறியும். அவ்வளவுதான் அதன் பயணம். காற்றில் பறக்க விதைக்கு இறகு இல்லை, பறவை தின்று கொண்டுபோகச் சதைக்கனியும் இல்லை. ஓர் இடத்தில் அழிந்துவிட்டால், சாலைக்கு அந்தப்பக்கம் இருக்கும் லூபின் தானாக நடந்து வந்து அங்கே முளைக்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் செலவுகளுக்கெல்லாம் இதுதான் காரணம்.

விதையின் தோல் கெட்டி. உப்புத்தாளில் தேய்த்தோ வெந்நீரில் ஊறவைத்தோ விதைத்தால்தான் சீக்கிரம் முளைக்கும். இல்லாவிட்டால் ஆண்டுக்கணக்கில் மண்ணுக்குள் சும்மா கிடக்கும். முளைத்தாலும் முதல் ஆண்டே பூக்காது. ஆணிவேரை ஆழமாக இறக்கிவிட்டுத்தான் மேலே வளரும். வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால், மற்றச் செடிகள் ஒட்டாத சத்தற்ற மணலிலும் இது நிற்கும்.

ஆனால் இந்தச் சாமர்த்தியத்துக்கு ஓர் எல்லை உண்டு. மண் வளமாகிவிட்டால் உயரமான களைகளும் புதர்களும் வந்துவிடும். லூபினால் அவற்றோடு உயரத்தில் போட்டிபோட முடியாது. நிழலில் உடனே செத்துவிடாது. பூப்பதைக் குறைத்துக்கொண்டு, இலை மட்டும் விட்டு, சில ஆண்டுகள் இழுத்துப் பறித்துக்கொண்டு கிடக்கும். பூ இல்லையென்றால் விதை இல்லை. ஆக, மூடிப்போன காட்டுக்குள் நாலு லூபின் இலையைப் பார்த்து “செடி இருக்கிறதே” என்று திருப்திப்பட்டால் ஏமாந்துபோவோம்.

மணலும் நெருப்பும்

ஆல்பனிக்கு மணற்காடு எப்படி வந்தது? கடைசிப் பனியுகம் முடிந்து பனிப்பாளம் உருகியபோது அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பெரிய ஏரி தேங்கியது. மோஹாக் ஆறு அதற்குள் மணலைக் கொண்டுவந்து கொட்டியது. ஏரி வடிந்த பிறகு காற்று அந்த மணலை வாரி மேடுமேடாகக் குவித்தது. கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இப்படியொரு மணல்மேட்டு நிலம் அமைந்தது இப்படித்தான். அமில மண், மழை பெய்தால் உடனே வடிந்துவிடும். அங்கே நின்றது பிட்ச் பைன் மரமும் ஆளுயரக் குட்டை ஓக் புதரும்.

இரண்டுமே எரிவதற்கென்றே வளர்ந்த மாதிரி இருக்கும். பிசின் நிறைந்த பைன், காய்ந்த ஓக் சருகு, வறண்ட மணல். மின்னல் கொளுத்தியிருக்கிறது, அந்த மண்ணின் பூர்வகுடிகள் கொளுத்தியிருக்கிறார்கள், பிற்காலத்தில் ரயில் எஞ்சின் பொறியும் கொளுத்தியிருக்கிறது. பிட்ச் பைன் தடித்த பட்டையோடு நின்று, கருகிய தண்டிலிருந்தே மறுபடி பச்சை விடும். ஓக் அடிவேரிலிருந்து துளிர்க்கும். லூபினின் உயிர் மண்ணுக்குள் ஆணிவேரில் இருப்பதால் மேலே எரிந்தாலும் அதற்குப் பெரிய நஷ்டமில்லை. எரிந்த இடத்தில் சருகு மெத்தை போய் வெறும் மணல் தெரியும், வெயில் தரையைத் தொடும். விழுந்து கிடந்த விதைக்கு வேண்டியதும் அதுதான்.

இருபதாம் நூற்றாண்டில் நகரம் நெருங்கி வந்தது. வீட்டுக்குப் பின்னால் காடு எரிவதை யார் விரும்புவார்கள்? புகை தெரிந்ததும் அணைத்தார்கள். அதில் தப்பு சொல்லவும் முடியாது. ஆனால் நெருப்பு நின்றதும் ஓக் புதர் நெருங்கி மூடியது, ஆஸ்பென் மரங்கள் உள்ளே நுழைந்தன, அப்புறம் பிளாக் லோகஸ்ட் வந்தது.

இந்த லோகஸ்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதுவும் அவரைக் குடும்பம்தான். ரொபினியா சூடோஅக்கேசியா. அமெரிக்க மரம்தான், ஆனால் தெற்கே அப்பலாச்சிய மலைப்பகுதிகளைச் சேர்ந்தது. ஆல்பனி மணலுக்கு அந்நியம். வேலிக்கம்பத்துக்காக மனிதர்கள் நட்டுப் பரப்பினார்கள். வேரிலிருந்து கன்று கன்றாகக் கிளம்பித் தோப்பாகிவிடும். அதுவும் நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் சேர்க்கும், ஆனால் லூபினைப் போல அடக்கமாக இல்லை. மண்ணின் குணத்தையே மாற்றுகிற அளவுக்கு. ஏழை மண்ணை நம்பி வாழ்ந்த ஒரு பயறுவகைச் செடியை, மண்ணுக்குச் செல்வம் சேர்க்கும் இன்னொரு பயறுவகை மரம் விரட்டிவிட்டது. நீலகிரியின் மலைப் புல்வெளிகளில் சீகை மரம் புகுந்து என்ன செய்தது என்று அறிந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அந்த ஆஸ்திரேலியச் சீகையும் பயறுவகைதான்.

சட்டம் பார்த்தது செடியை அல்ல

பைன் புஷ்ஷுக்குள் கார்னர் என்றொரு சின்ன ரயில் நிறுத்தம் இருந்தது. அங்கே பிடிக்கப்பட்ட சிறிய நீல வண்ணத்துப்பூச்சி ஒன்றை, ஹார்வர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் பூச்சிகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஒருவர் 1940-களில் தனித் துணையினமாக விவரித்தார். அவர் நாவலாசிரியர் விளாதிமிர் நபகோவ். அவர் வைத்த அறிவியல் பெயரில் ‘சாமுவேலிஸ்’ என்ற பகுதி, அந்தப் பூச்சிகளை அவருக்கு முன் ஆராய்ந்த சாமுவேல் ஸ்கடர் என்பவரின் நினைவாக. ஊரின் பெயரால் அதைக் கார்னர் நீலன் என்கிறோம். சிறகை விரித்தால் ஓர் அங்குலம் இருக்கும்.

இந்த நீலனின் புழு உலகத்தில் வேறெதையும் தின்னாது. காட்டு லூபின் இலை மட்டும்தான். தின்னும் விதமும் விசேஷம். இலையின் அடித்தோலையும் நடுச்சதையையும் சுரண்டித் தின்றுவிட்டு, மேல்தோலை மட்டும் மெல்லிய கண்ணாடித்தாள் மாதிரி விட்டுவிடும். பச்சை நிறப் புழு பச்சை இலையில் கண்ணுக்குத் தெரியாது. கணக்கெடுக்கப் போகிறவர்கள் இலையைத் திருப்பி இந்தச் சன்னல்களைத்தான் தேடுவார்கள். எறும்புகள் இலைமேல் அலைந்தால் அதுவும் ஓர் அடையாளம். புழுவின் முதுகில் சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைச் சுற்றியே நின்று, ஒட்டுண்ணிக் குளவிகளை அண்டவிடாமல் பார்த்துக்கொள்ளும்.

ஆண்டுக்கு இரண்டு தலைமுறை. முட்டை குளிர்காலம் முழுவதும் பனிக்கடியில் கிடந்து, ஏப்ரலில் லூபின் துளிர்க்கும்போது பொரியும். மே கடைசி, ஜூனில் பறப்பது முதல் தலைமுறை. அவை இடும் முட்டை உடனே பொரித்து, ஜூலை, ஆகஸ்டில் இரண்டாம் தலைமுறை பறக்கும். அது இடும் முட்டைதான் அடுத்த வசந்தம்வரை காத்திருக்கும். பறக்கும் பூச்சியின் ஆயுள் சராசரியாக ஒரு வாரம்கூட இல்லை. பெரும்பாலானவை பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குமேல் போவதில்லை.

கூட்டிப் பாருங்கள். நகரத் தெரியாத செடி. அதைவிட்டால் வேறு கதியில்லாத, தூரம் போகாத பூச்சி. நடுவில் ஆறு வழிச்சாலை. 1992 டிசம்பரில் அமெரிக்க மத்திய அரசு கார்னர் நீலனை அழியும் தறுவாயிலுள்ள உயிரினமாக அறிவித்தது. லூபினுக்கு அப்படி எந்த மத்திய அறிவிப்பும் இல்லை. எனக்கு இது கொஞ்சம் தலைகீழாகவே படுகிறது. பூச்சியைக் காப்பாற்ற வேண்டுமானால் செய்ய வேண்டிய வேலையில் பத்தில் ஒன்பது பங்கு செடியைச் சேர்ந்தது. ஆனால் கோப்பில் பெயர் இருப்பது பூச்சிக்கு. சரி, சிறகு இருப்பதற்குத்தான் மக்கள் கையெழுத்துப் போடுவார்கள் போலும்.

வழக்குகள்

சட்டம் வருவதற்கு முன்பே உள்ளூர்க்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். ‘சேவ் தி பைன் புஷ்’ என்ற தன்னார்வ அமைப்பு 1978-இல் தொடங்கியது. 1984-இல் கிராஸ்கேட்ஸ் என்ற மாபெரும் வணிக வளாகம் அங்கே திறந்தது. அதைத் தடுக்க முடியவில்லை. ஆனால் 1987-இல் மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒரு முக்கியமான தீர்ப்பு கிடைத்தது. பைன் புஷ்ஷில் வரும் கட்டடத் திட்டங்களைத் தனித்தனியாகப் பார்த்து ‘இதனால் பெரிய பாதிப்பில்லை’ என்று அனுமதி தரக்கூடாது. காத்திருக்கும் எல்லாத் திட்டங்களும் சேர்ந்து என்ன செய்யும் என்று நகராட்சி பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். அதற்கடுத்த ஆண்டே, 1988-இல், மாநிலச் சட்டமன்றம் பைன் புஷ் காப்பக ஆணையத்தை உருவாக்கியது.

2009-இல் இன்னொரு தீர்ப்பு. வணிக வளாகத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதி கட்டுவது தொடர்பான வழக்கு. பக்கத்து வீட்டுக்காரர் அல்லாதவர் வழக்குப் போட முடியுமா என்பது கேள்வி. ஒரு இயற்கை வளத்தைப் பொதுமக்களில் மற்றவர்களைவிட அதிகமாக, திரும்பத் திரும்பப் போய் அனுபவிப்பவருக்கு வழக்காடும் உரிமை உண்டு என்றது நீதிமன்றம். அந்த வழக்கில் மனுதாரர்கள் தோற்றார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுற்றுச்சூழல் அறிக்கை போதுமானது என்று விடுதிக்கு வழிவிட்டார்கள். ஆனாலும் உரிமை நிலைத்தது. அதற்குப் பிறகு நியூயார்க்கில் சுற்றுச்சூழல் வழக்குப் போடுகிறவர்கள் இதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

வேலை எப்படி நடந்தது

நிலம் கையில் வந்தால் வேலை பாதி முடிந்தது என்று தோன்றும். பைன் புஷ்ஷில் அது ஆரம்பம்கூட இல்லை.

முதலில் நெருப்பு. 1990-களின் தொடக்கத்திலிருந்து திட்டமிட்டு எரிக்கிறார்கள். நகரத்துக்கு நடுவில் காடு கொளுத்துவது என்றால் சும்மாவா? நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தீத்தடுப்புக் கோடு போட வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, ஈரப்பதம் எவ்வளவு, புகை நெடுஞ்சாலைமேல் போய் வண்டிக்காரர் கண்ணை மறைக்குமா, அருகிலுள்ள முதியோர் குடியிருப்பு, பள்ளிக்கூடம் பக்கம் திரும்புமா என்றெல்லாம் பார்த்து, எல்லாம் ஒத்துவந்தால்தான் பற்றவைப்பார்கள். ஒத்துவரும் நாட்கள் கொஞ்சம்தான். எரிக்க முடியாத இடத்தில் இயந்திரம் வைத்துப் புதரை நறுக்குகிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நீலனின் முட்டை குளிர்காலத்தில் காய்ந்த லூபின் தண்டிலும் சருகிலும்தான் இருக்கும். எரித்தால் முட்டையும் போகும். எரிக்காவிட்டால் செடி போகும். அதனால் லூபின் இருக்கும் பகுதி முழுவதையும் ஒரே ஆண்டில் எரிப்பதில்லை. ஒரு துண்டை எரித்துவிட்டு, பக்கத்துத் துண்டிலிருந்து பூச்சிகள் குடியேற விடுகிறார்கள். பழைய காலத்தில் நெருப்பு தன் போக்கில் திட்டுத் திட்டாக எரித்துவிட்டுப் போனது. இப்போது அதை வரைபடத்தில் கட்டம் போட்டுச் செய்கிறார்கள்.

இரண்டாவது லோகஸ்ட் மரம். வெட்டினால் வேர்க்கன்று இன்னும் அதிகமாகக் கிளம்பும். அதனால் மண்வாரி இயந்திரம் வைத்து வேரோடு பிடுங்கினார்கள். தோப்பாக இருந்த இடம் ஒரே நாளில் உழுத வயல் மாதிரி வெறும் மணலாகக் கிடக்கும். மரத்தைப் பிடுங்கி எறிவதைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் கட்டாயம் இருந்திருப்பார்கள். ‘பாதுகாப்பு’ என்றாலே மரம் நடுவது என்று பழகிவிட்டோம்.

மூன்றாவதாக விதை. மணலில் புதைந்து மிச்சமிருக்கும் விதையை மட்டும் நம்ப முடியாது, தூரத்திலிருந்து வரவும் வழியில்லை. கையால்தான் சேகரிக்க வேண்டும். லூபின் காயைப் பறிப்பதில் ஒரு நாசூக்கு இருக்கிறது. பச்சையாகப் பறித்தால் விதை முற்றியிருக்காது. நன்றாகக் காயட்டும் என்று இரண்டு நாள் விட்டால் மதிய வெயிலில் மொத்தமும் வெடித்துச் சிதறியிருக்கும். நிறம் மாறத் தொடங்கும்போது பறித்து, மூடிய பையிலோ வலைக்கடியிலோ உலரவைத்தால், உள்ளேயே படபடவென்று வெடித்து அடியில் சேரும். இந்த விதையோடு அந்த மண்ணுக்குரிய புல்லையும், பூச்சிகள் தேன் குடிக்க வேறு பூச்செடிகளையும் கலந்து விதைத்தார்கள். தேன்பூக்கள் முக்கியம். இரண்டாம் தலைமுறை நீலன் பறக்கும் ஜூலையில் லூபினில் ஒரு பூகூட இருக்காது.

செலவுக்குப் பணம் வந்த வழிகளில் ஒன்று சுவையானது. பைன் புஷ்ஷை ஒட்டியே ஆல்பனி நகராட்சியின் குப்பைமேடு. அதை விரிவாக்க அனுமதி கொடுத்தபோது, சுற்றியுள்ள நிலத்தைப் பழைய மணற்காடாகத் திருப்ப வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். காட்டைத் தின்ற குப்பையே காட்டுக்குக் கூலி கொடுத்தது. இதை வெற்றி என்பதா, பேரம் என்பதா என்று அந்த ஊரிலேயே ஒத்த கருத்து இல்லை. விரிவாக்கமே கூடாது என்றவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் கிடைத்ததை வைத்து வேலை நடந்தது என்பதும் உண்மை.

செடி பிடித்த பிறகுதான் பூச்சியைக் கொண்டுவந்தார்கள். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் கான்கார்டு நகரத்தில் கார்னர் நீலன் 2000 வாக்கில் அற்றுப்போயிருந்தது. மறு ஆண்டே நியூயார்க்கின் சரடோகா பகுதியிலிருந்து கொண்டுபோய் அங்கே வளர்க்கத் தொடங்கினார்கள். பள்ளிப் பிள்ளைகள் வகுப்பறையில் லூபின் நாற்று வளர்த்துக் கொண்டுபோய் நட்டார்கள். பிறகு அந்த மாநிலத்தின் வனவிலங்குத் துறை தன் கூடத்தில் வளர்த்த கூட்டுப்புழுக்களை, ஆல்பனியில் புதிதாக லூபின் பிடித்த மேடுகளில் கொண்டுவந்து விட்டார்கள். கடன் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்த மாதிரி ஆயிற்று. ஒரு காலத்தில் சில நூறாகச் சுருங்கியிருந்த ஆல்பனி நீலன்கள், மீட்புத் திட்டம் வைத்த 3,000 என்ற இலக்கை 2010-களில் தாண்டிப் பல மடங்கு பெருகின.

மற்ற இடங்களில்

விஸ்கான்சின் மாநிலத்தில் நிலைமை எப்போதும் இதைவிட நன்றாகவே இருந்தது. காரணம் காப்பகங்கள் மட்டுமல்ல. அங்கே லூபின் மின்கம்பிப் பாதையின் அடியிலும், மரம் வெட்டி மறுபடி நடும் காடுகளிலும், ஃபோர்ட் மெக்காய் ராணுவப் பயிற்சி முகாமிலும் வளர்கிறது. பீரங்கி வண்டிகள் ஓடிக் கிளறிய தடத்தை ஒட்டி லூபின் கூடுதலாக இருப்பதாக அங்கே கணக்கெடுத்தவர்கள் கண்டார்கள். 1999-இல் மின் நிறுவனங்கள், மரக் கம்பெனிகள், மாவட்ட வனங்கள் எல்லாம் சேர்ந்து மாநிலம் முழுவதற்குமான ஒரு வாழிட ஒப்பந்தத்துக்கு வந்தன. எப்போது புல் வெட்டலாம், எங்கே மருந்து அடிக்கக்கூடாது என்பது மாதிரியான சாதாரண விஷயங்கள்தான் அதில் உள்ளவை.

இண்டியானாவில் கதை வேறு. மிச்சிகன் ஏரிக்கரையில் இண்டியானா டியூன்ஸ் மணல்மேடுகள். அங்கே லூபினும் இருந்தது, நீலனும் இருந்தது, பார்த்துக்கொள்ள ஆட்களும் இருந்தார்கள். 2012 மார்ச், அதுவரை அமெரிக்காவில் பதிவானவற்றிலேயே மிக வெப்பமான மார்ச்சாக அமைந்தது. எல்லாம் நாள் தப்பி முன்கூட்டியே தொடங்கியது. பிறகு கோடையில் கடும் வறட்சி. லூபின் இலைகள் சீக்கிரமே வாடி உதிர்ந்தன. இரண்டாம் தலைமுறைப் புழு பொரித்தபோது தின்ன இலை இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் அங்கே கார்னர் நீலன் இல்லாமல் போயிற்று.

செடி சாகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். லூபினுக்கு அது ஒரு கெட்ட ஆண்டு. இலையை உதிர்த்துவிட்டு வேரில் பதுங்கிக்கொண்டது, அடுத்த ஆண்டு துளிர்த்தது. பூச்சிக்குத்தான் பதுங்க இடமில்லை. இதிலிருந்து வாழிடம் பற்றி ஒரு திருத்தம் கிடைத்தது. அரைநிழலில் நிற்கும் லூபின் குறைவாகப் பூத்தாலும் அதன் இலை அதிக நாள் பச்சையாக இருக்கும். முழு வெயிலில் நிற்பது அமோகமாகப் பூத்துச் சீக்கிரம் காய்ந்துவிடும். ஆக எல்லாவற்றையும் திறந்த வெளியாக்கிவிட்டாலும் ஆபத்து. அங்கொரு பைன், இங்கொரு ஓக் என்று விட்டு, வடக்குச் சரிவும் தெற்குச் சரிவும் சேர்ந்து இருக்கிற மாதிரி நிலம் வேண்டும். வெப்பமான ஆண்டில் நிழல் பக்கம் காப்பாற்றும், குளிர்ந்த ஆண்டில் வெயில் பக்கம்.

கனடாவின் ஒன்டாரியோவில் கார்னர் நீலன் கடைசியாகக் காணப்பட்டது 1991-இல். மேய்ன் மாநிலத்தில் காட்டு லூபினே இயற்கையாக இல்லாமல் போய்விட்டது. ஆனால் ஜூன் மாதம் மேய்னுக்குப் போகும் சுற்றுலாக்காரர்கள் சாலையோரமெல்லாம் லூபின் பூத்துக் கிடப்பதைப் படம் எடுத்து வருகிறார்கள். அது லூப்பினஸ் பாலிஃபில்லஸ். மேற்குக் கரையிலிருந்து தோட்டத்துக்காகக் கொண்டுவந்த பெரிய இலை லூபின். கடைகளில் லூபின் விதை என்று பொதுவாகக் கிடைப்பதும் அதுவோ அதன் கலப்பினங்களோதான். நீலனுக்கு உதவலாமென்று நல்ல மனதோடு அந்தப் பொட்டலத்தை வாங்கித் தூவினால் புழுவுக்குப் பயனில்லை. காட்டு லூபினோடு கலந்துவிடும் அபாயமும் இருக்கிறது. வேறுபாடு தெரிய இலையைப் பார்த்தால் போதும். பாலிஃபில்லஸ் இலையில் சிற்றிலைகள் பன்னிரண்டுக்கும் மேல் போகும், செடி மூன்று, நான்கு அடி நிற்கும்.

ஆல்பனி இலக்கைத் தாண்டிவிட்டாலும் கார்னர் நீலன் மத்தியப் பட்டியலிலேயே இருக்கிறது. 2003-இன் மீட்புத் திட்டம் ஓரிடத்து எண்ணிக்கையை வைத்து முடிவு செய்வதில்லை. அதன் பழைய பரப்பெங்கும் பல வட்டாரங்களில் நிலைத்த கூட்டங்கள் வேண்டும் என்கிறது. பைன் புஷ்ஷில் எரிப்பு வேலையும் நிற்கவில்லை. நிறுத்தினால் ஓக்கும் லோகஸ்ட் கன்றும் திரும்பி வந்து மூட அதிக ஆண்டுகள் ஆகாது.